நல்லியக்கோடன் நாட்டுக்கு ஒரு வேனிற் பயணம்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் வண்டிகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. உதகையும் ஏற்காடும் கொடைக்கானலும் மூச்சுத் திணறுகின்றன. சமவெளியில் அந்நாட்களில் வெயிலைத் தவிர வேறென்ன இருக்கிறது என்ற எண்ணமே இதற்குக் காரணம். சித்திரையிலும் வைகாசியிலும் சரக்கொன்றை பொன்னாய்த் தொங்குவதும், வேம்பும் புங்கும் சாலையெங்கும் பூவுதிர்ப்பதும், நுணா வெள்ளை மீன்களாய்ப் பூப்பதும் சமவெளியில்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சமவெளியில் பூக்களைத் தேடி ஒரு வேனிற் பயணம் போவதென்றால் எந்த வழியில் போகலாம்? இக்கேள்விக்கு விடை தேடிய போது நம் கைக்கு வந்தது வரைபடம் அன்று, சிறுபாணாற்றுப்படை. 269 அடிகள் கொண்ட இப்பாட்டில், பரிசில் பெற்று வரும் பாணன் ஒருவன், வறுமையில் உழலும் மற்றொரு பாணனுக்கு ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியைச் சொல்கிறான். எந்த ஊர் முதலில் வரும், அவ்வூருக்குப் போகும் வழியில் எந்தப் பூ பூத்திருக்கும், அங்கே யார் சோறிடுவார்கள், அச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன கிடைக்கும் என்பதுவரை அவன் சொல்லிவிடுகிறான். பயணத் திட்டம் என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் வேண்டுமா?

பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தது 1889ஆம் ஆண்டில். அன்றுமுதல் இப்பாட்டு கூறும் ஊர்களை இன்றைய ஊர்களோடு பொருத்திப் பார்க்கும் முயற்சி நடந்துவருகிறது. நாமும் அவ்வழியே வண்டியை நடத்திப் பார்ப்போம். போகிற போக்கில் ஒரு பழைய ஐயத்தையும் தீர்த்துக்கொள்ள முயல்வோம்: இப்பாட்டை நம்பி வழி கேட்கலாமா?

புலவர் ஊரும் புரவலர் நாடும்

இப்பாட்டைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு என்ற பெயர் அழிந்துவிடவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில், ஒருபுறம் கடலும் மறுபுறம் உப்பங்கழியும் சூழ, அதே பெயரோடு ஒரு பேரூராட்சியாக இன்றும் இருக்கிறது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் கடந்து தெற்கே சென்றால், மரக்காணத்தை அடைவதற்கு முன் இந்நிலப்பகுதி வந்துவிடும். இங்குள்ள கடப்பாக்கத்தின் கடலோரத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளும் உள்ளன. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை அது. பாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும், காலை வெயில் ஏறுவதற்குள் ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.

நல்லியக்கோடனின் நாடு ஓய்மானாடு. திண்டிவனத்தைச் சூழ்ந்த பகுதி ‘ஓய்மாநாடு’ என்ற பெயரோடு பிற்காலக் கல்வெட்டுகளிலும் வழங்குவதால் இந்நாட்டை அடையாளம் காண்பதில் பெரிய சிக்கல் இல்லை. புறநானூற்றின் 176ஆம் பாட்டும் இத்தலைவனைப் பற்றியதே. பாடியவர் புறத்திணை நன்னாகனார்.

பாட்டின் காலத்தைக் குறித்தும் ஒரு சொல். பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி ஆகிய எழுவரையும் கடந்தகால வள்ளல்களாக இப்பாட்டு வரிசைப்படுத்துகிறது. எழுவரும் தாங்கிய கொடைச் சுமையை இன்று ஒருவனே தாங்குகிறான் என்கிறது. ஆகவே இப்பாட்டு அவர்கள் காலத்துக்குப் பிற்பட்டது என்பது தெளிவு. அவ்வரிசையில் நம் பயணத்துக்கு உகந்தவர் பாரி. பூங்கொடி ஒன்று பற்றிப் படரக் கொழுகொம்பின்றித் தவிப்பதைக் கண்டு, ஏறிவந்த தேரை வழியிலேயே விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பியவர். பூப் பார்க்க வண்டியெடுத்துப் போகிறவர்கள் ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டியவர்.

பாட்டு தொடங்கும் பருவம்

இப்பயணம் வேனிற்காலத்தில் தொடங்குகிறது என்பதே நாம் இப்பாட்டைத் தேர்ந்தமைக்கு முதற்காரணம். பாட்டின் தொடக்கத்தில் நிலமகள் தோன்றுகிறாள். மலை அவளுக்குத் தோள். அங்கிருந்து இழியும் காட்டாறு மார்பில் அசையும் ஆரம். கரைச்சோலையில் குயில் குடைந்து உதிர்த்த பூக்கள் வாடிக் கிடக்கும் கருமணல் அவள் கூந்தல். அழகான காட்சிதான். ஆனால் அதே மணலில் வெயில் காய்கிறது. பரற்கற்கள் பாதத்தைக் கிழிக்கின்றன. நடந்து வந்த கூட்டம் ஒரு மராமரத்தின் நிழலில் தங்குகிறது. மராமரத்தைக் கடம்பு என்பர். அந்நிழலும் முழுநிழல் அன்று. இடையிடையே வெயில் வரியிட்ட நிழல். கோடையில் இலையுதிர்த்த மரத்தின் அடியில் நின்றவர்களுக்கு அந்நிழல் எப்படியிருக்கும் என்பது தெரியும்.

அந்த வரிநிழலில் அமர்ந்திருப்பவனுக்குத்தான் வழி சொல்லப்படுகிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

நெய்தல்: மதிலின் பெயர் கொண்ட பட்டினம்

முதல் ஊர் கடற்கரையில். ஊரின் பெயரைப் புலவர் நேராகச் சொல்வதில்லை. மதிலோடு சேர்ந்த பெயருடைய பட்டினம் என்று குறிப்பாகச் சொல்கிறார். மதிலுக்கு எயில் என்றும் பெயருண்டாதலால் எயிற்பட்டினம் என்று கொண்டனர். அது இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலர் கருத்து. சென்னையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். சோழர் காலத்துப் பூமீசுவரர் கோயிலும் பரந்த உப்பளங்களும் உள்ள ஊர்.

அவ்வழியின் பூக்களாகப் பாட்டு நான்கைச் சொல்கிறது. தாழை அன்னத்தின் உருவில் மலர்கிறது. செருந்தி பொன்னோ என மயங்க வைக்கிறது. முண்டகம் நீலமணியாகவும் புன்னை முத்தாகவும் தோன்றுகின்றன. பொன், மணி, முத்து என்று ஒரு பொற்கொல்லர் கடையையே வழிநெடுக விரித்துவைத்தது போன்ற காட்சி. பரிசில் தேடிப் போகிறவன் கண்ணுக்குப் பூக்கள் வேறெப்படித் தெரியும்?

இவற்றுள் செருந்தியை வேனிலில் காணலாம். முண்டகம் என்பது கழிமுள்ளியாயின், உப்பங்கழி ஓரங்களில் அதன் நீலப்பூவும் கோடையில் கண்ணுக்குக் கிட்டும். புன்னை ஆண்டில் ஒருமுறைக்கு மேலும் பூக்கும் மரம். ஆக, நெய்தல் வழியில் பாட்டு நம்மைப் பெரிதும் ஏமாற்றாது.

இவ்வூரில் கடலலை கொண்டுவந்து ஒதுக்கிய மணக்கும் மரக்கட்டைகள் தூங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றன என்கிறார் புலவர். அவற்றையே விறகாக எரித்து, பரதவர் பழைய தேறலையும் சுட்ட உலர்ந்த குழல்மீனையும் விருந்தினர்க்குத் தருகிறார்கள். சோழ மண்டலக் கடற்கரைப் புலவர் ஒட்டகத்தை உவமையாக்கினார் என்றால், கேட்டவர்க்கும் அது தெரிந்த விலங்காகவே இருந்திருக்க வேண்டும். இத்தகைய ஓர் உவமை வரலாற்று மாணவனுக்கு ஒரு கல்வெட்டுக்கு நிகர்.

முல்லை: வேல் பூத்த கேணி

அடுத்த ஊர் வேலூர். கோட்டையுள்ள வேலூர் அன்று. மரக்காணத்துக்குத் தென்மேற்கே உள்ள உப்புவேலூர் என்பர். இடையே கழுவேலி என்ற பெரிய ஈரநிலம் கிடக்கிறது. 2021இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. கோடையில் நீர் சுருங்கிவிடும். அப்போதும் நின்று பார்க்கத் தக்க வெளி.

வேலூர் என்ற பெயருக்குப் பாட்டிலேயே ஒரு பூ இருக்கிறது. வேலின் நுனிபோலப் பூக்கும் கேணியையுடைய ஊர் அது. பகைவர்க்கு அஞ்சிய நல்லியக்கோடனின் கனவில் முருகன் தோன்றி, கேணியில் பூத்த பூவைப் பறித்து எறியச் சொன்னதாகவும், அப்பூவே வேலாயிற்று என்றும் நச்சினார்க்கினியர் ஒரு கதையைக் குறிக்கிறார். பூ ஆயுதமான கதையை உரையாசிரியர் வழியே நாம் பெற்றோம்.

இவ்வழியில்தான் நம் ஐயமும் பிறக்கிறது. அவரை பவழமாய் அரும்புகிறது. காயா மயிலின் கழுத்தாய் விரிகிறது. முசுண்டையும் பூத்திருக்கிறது, காந்தள் கைவிரல்களாய் மலர்கிறது. வழியெங்கும் இந்திரகோபம் என்னும் செந்நிறப் பூச்சி ஊர்கிறது. இவற்றுள் காயா, அதாவது காசா மரம், கோடையில் நீலமாய்ப் பூப்பது. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற கோயிற்காடுகள் எஞ்சியிருப்பதால் அம்மரமும் எஞ்சியிருக்கிறது. ஆனால் காந்தளும் முசுண்டையும் மழைக்காலத்துப் பூக்கள். அவரை பனிக்காலத்தது. இந்திரகோபமோ முதல் மழைக்குப் பின் மண்ணிலிருந்து வெளிவருவது. வேனிலில் வழிநடப்பவன் இவற்றை எப்படிக் காண்பான்?

அதுமட்டுமன்று. இதே வேலூரில் விருந்திடும் எயினரின் குடிசைகள் கடும் வெயிலால் வெந்து கிடக்கின்றன என்று சில அடிகளிலேயே புலவர் சொல்லிவிடுகிறார். வழியில் மழைக்காலம், ஊருக்குள் நுழைந்தால் கோடை.

புலவர் தவறினாரா?

இலக்கண நூலார் விடை ஒன்று உண்டு. முல்லைக்குரிய பெரும்பொழுது கார். ஆகவே முல்லை என்றவுடன் கார்காலப் பூக்களைச் சொல்வது மரபு. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்வதையும் சேர்த்துக்கொண்டால், முல்லை வழியில் எயினர் ஊர் வருவதற்கும் விளக்கம் கிடைத்துவிடுகிறது.

இவ்விடை சரியானது, ஆனால் போதாது. மரபு எப்படி என்பதை அது சொல்கிறது. இப்பாட்டில் ஏன் என்பதைச் சொல்வதில்லை. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பார்த்தால்தான் அது விளங்கும். பேசுகிறவன் பசி தீர்ந்தவன். கேட்கிறவன் கால் கிழிந்து வரிநிழலில் அமர்ந்திருப்பவன். அவனிடம், போகும் வழியில் இன்று என்ன பூத்திருக்கிறது என்ற கணக்கைச் சொல்லிப் பயனில்லை. அந்நிலம் எவ்வளவு நல்ல நிலம் என்று சொன்னால்தான் அவன் எழுந்து நடப்பான். எனவே ஒவ்வொரு நிலத்தின் மிகச் சிறந்த நாளை எடுத்து வழியில் வைக்கிறான். அவன் சொல்லும் பூக்கள் வழிக்குறிப்பு அல்ல, நம்பிக்கை.

அப்படியானால் இப்பாட்டில் எதைத்தான் வரலாறாகக் கொள்வது? பசித்தவன் எதைச் சோதித்துப் பார்ப்பானோ அதை. காந்தள் பூக்கவில்லை என்றால் பாணன் கோபிக்க மாட்டான். சொன்ன இடத்தில் சோறு இல்லையென்றால் கோபிப்பான். பாட்டில் உணவுகள் எவ்வளவு கவனமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன என்பதைக் காண்க. பரதவர் ஊரில் மீனும் கள்ளும். எயினர் ஊரில் புளியிட்டுச் சமைத்த சோறும் காட்டுப்பசுவின் சூட்டிறைச்சியும். உழவர் ஊரில் வெண்சோறும் நண்டுக் கறியும். ஒவ்வொன்றும் அந்தந்த மக்களின் தொழிலுக்கும் நிலத்துக்கும் பொருந்தி நிற்கிறது. ஊர்களின் வரிசையும் அப்படியே: கடற்கரையிலிருந்து உள்நாடு நோக்கி, நடந்து போகக்கூடிய தொலைவுகளில் அவை அமைகின்றன. பூக்கள் மரபைச் சார்ந்தவை. ஊரும் தொழிலும் உணவும் நிலத்தைச் சார்ந்தவை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் சங்கப் பாட்டைச் சான்றாகக் கொள்வதில் தடையில்லை. பிரிக்கத் தெரியாதவர்கள்தாம் முழுவதையும் நம்புகிறார்கள். அல்லது முழுவதையும் தள்ளுகிறார்கள்.

மருதம்: ஆமூரின் விடியல்

மூன்றாம் ஊர் ஆமூர். திண்டிவனம் பக்கத்து நல்லாமூர் என்பர். காஞ்சி மரத்தின் கிளையில் மீன்கொத்தி ஒன்று ஆழ்ந்த மடுவை நோக்கி நெடுநேரம் காத்திருக்கிறது. பாய்ந்து மீனைக் கவரும்போது அதன் நகம் பட்டுத் தாமரை இலை கிழிகிறது. அருகே அன்றலர்ந்த தாமரையில் வண்டு மொய்ப்பது திங்களைப் பாம்பு பற்றியது போலிருக்கிறது. மருதக் காட்சிகளுள் இவ்வளவு நுட்பமானவை சிலவே. இங்கே உழவர் வீட்டுப் பெண், தன் பிள்ளைகளைக் கொண்டு விருந்தினரைப் போகவிடாமல் தடுத்துச் சோறிடுகிறாள்.

தலைவனின் ஊர்களாகிய கிடங்கிலும் மாவிலங்கையும் இவற்றுக்கு அருகிலேயே உள்ளன. கிடங்கில் இன்று கிடங்கல் என்ற பெயரில் திண்டிவனத்தின் ஒரு பகுதி. மாவிலங்கையைக் கீழ்மாவிலங்கையோடு பொருத்துவர். அங்கே பல்லவர் காலத்துக் குடைவரை ஒன்றும் உண்டு. மாவிலங்கம் என்பது கோடையில் இலை தெரியாமல் பூத்துக் குலுங்கும் மரம். ஊர்ப்பெயரைக் கேட்டதும் நமக்கு அதுவே நினைவுக்கு வரும். புலவரோ ஊர்ப்பெயரைத் தொன்மையான இலங்கையோடு இணைத்துப் பேசுகிறார்.

இனித் திட்டத்துக்கு வருவோம். தொல்காப்பியம் நெய்தலுக்கு எற்பாட்டையும் முல்லைக்கு மாலையையும் மருதத்துக்கு வைகறை விடியலையும் சிறுபொழுதாக வகுத்திருக்கிறது. எற்பாடு என்பதற்குக் கதிரவன் சாயும் வேளை என்று பொருள்கொண்டால், நத்தத்தனார் சொல்லும் நில வரிசையும் இப்பொழுதுகளின் வரிசையும் ஒன்றாகிவிடுகின்றன. எனவே நாம் வகுத்தது இது: காலையில் புறப்பட்டு இடைக்கழிநாட்டில் தங்கி, வெயில் சாயும்போது மரக்காணத்து உப்பளங்களைப் பார்ப்பது, அந்தி மங்குமுன் கழுவேலியைக் கடந்து உப்புவேலூர் சேர்வது, இரவு திண்டிவனத்தில் தங்கி, விடியலில் ஆமூர்ப் பக்கத்து ஏரிக்கரைகளில் நிற்பது. மீன்கொத்தி நிச்சயம் இருக்கும். காலம் பங்குனி இறுதி முதல் வைகாசி வரை. காந்தளைக் காண விரும்புகிறவர்கள் ஐப்பசியில் மறுபடியும் வரவேண்டியதுதான். வழியெங்கும் செந்தீயாய்ப் பூத்திருக்கும் குல்மொகரைக் கண்டு எந்தச் சங்கப் பூவோ என்று மயங்க வேண்டாம். அது மடகாஸ்கரிலிருந்து வந்து நம் சாலைகளில் குடியேறியது.

அடுக்களையில் பூத்தது

ஒரு பூவைச் சொல்லாமல் விட்டோம். வழியைச் சொல்லத் தொடங்குவதற்கு முன், பரிசில் பெற்றவன் தன் பழைய வீட்டை நினைத்துக்கொள்கிறான். அந்த அடுக்களையில் நெடுநாள் சமையலில்லை. குட்டி ஈன்ற நாய் ஒன்று, பால் கொடுக்கவும் வலுவின்றி அங்கே குரைக்கிறது. கூரை வீழ்ந்து, சுவர் கறையான் அரித்து உதிர்ந்த புழுதியில் காளான் முளைத்திருக்கிறது. அக்காளானுக்கும் புலவர் பூத்தல் என்ற வினையையே தருகிறார். வழியெங்கும் பொன்னும் முத்துமாகப் பூக்கப்போகும் பாட்டில், அதற்குமுன் பாணன் வீட்டில் பூத்தது அதுதான்.

பசி தாங்காத பாணன் மனைவி குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். இட உப்பில்லை. பிறர் காண நேருமோ என்று வெட்கி, கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். மரக்காணத்து உப்பு மேடுகளின் முன் நிற்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடியாது. உமணர் வண்டிகள் வரிசை வரிசையாக உப்பேற்றிச் சென்ற காலம் அது. இதே பாட்டில், அவ்வண்டிகளோடு வந்த மந்தி, உமணர் பிள்ளைகளோடு முத்துச்சிப்பியைக் கிலுகிலுப்பையாக்கி விளையாடுகிறது. நாடெங்கும் உப்புப் போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

பாட்டின் முடிவில் பாணன் கூட்டத்துக்கு நல்லுடையும் நூல்முறை வழுவாது சமைத்த உணவும் கிடைக்கின்றன. குதிரையையும் வெல்லும் காளைகள் பூட்டிய தேர் ஒன்று, ஓட்டுநனோடு பரிசாக வருகிறது. போகும்போது வெறுங்கால், திரும்பும்போது வண்டி. நாமோ போகும்போதே வண்டியில் போகிறோம். இந்த வேறுபாட்டை மறவாமல் போவது நல்லது.

நல்லியக்கோடனின் அரண்மனை வாயிலைப் பற்றியும் ஒரு குறிப்பு பாட்டில் இருக்கிறது. பொருநர், புலவர், அந்தணர் என்று யார் வந்தாலும் அது அடைக்கப்படுவதே இல்லையாம். வறுமையை மறைக்க உள்ளிருந்து அடைத்த ஒரு கதவிலிருந்து, யாருக்கும் அடைக்காத அந்த வாயில்வரை நீளும் வழியே சிறுபாணாற்றுப்படை. வழியில் பூத்தவை வேனிலில் பூத்தனவா, காரில் பூத்தனவா என்று கணக்கிடுவது நமக்குப் பொழுதுபோக்கு. அவ்வழியே நடந்தவனுக்குப் பூக்கள் எல்லாம் ஒன்றையே சொல்லியிருக்கும்: அடுத்த ஊரில் சோறு உண்டு.